சிங்காரத்துக்கு ஒரு வருஷம்

"அம்மா, சிங்காரத்துக்கு இத குடுக்காம போனீங்கன்னா, இந்தக் குப்பத்துல ஒருத்தன் நிம்மதியா தூங்க மாட்டான்."

கோட்டைக்குப்பத்துத் தலைவர் அங்கமுத்து சொன்ன இந்த வார்த்தை சத்தியமானது. மற்றதற்கு நான் பொறுப்பல்ல.

வலைக் கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். மெட்ராஸிலிருந்து வந்தவள். நாடகம், பாட்டு, கூத்து என்று கலையால் ஊரைத் திருத்துகிறவர்களைத் தேடிப்பிடித்து, ஒரு வருஷத்துக்கு உதவித்தொகை கொடுக்கும் சங்கம் அவளுடையது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு ஆள்தான். ஆரம்பாக்கத்தில் வில்லுப்பாட்டு பாடும் ஒருவருக்கே கொடுத்துவிடலாமா என்றும் அவளுக்கு ஒரு யோசனை இருந்தது.

அது காதில் விழுந்ததிலிருந்து குப்பத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்கு ஒருவரும் ஏரிக்குப் போகவில்லை. இறால் நன்றாகப் படுகிற நேரத்தில் கல்யாணத்துக்குக்கூட இவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

சிங்காரம் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன். மீன் பிடிக்கிறவன்தான், ஆனால் மூன்று வருஷமாக நாடகப் பித்து. சாராயம் குடிக்காதே, பெண்பிள்ளையைப் படிக்க வை, கரையை அசிங்கம் பண்ணாதே என்று அவனே எழுதுவான், அவனே பாடுவான். குடிகாரனாக வந்து அடிப்பவனும் அவனே, பெண்டாட்டியாக வந்து அடி வாங்குபவளும் அவனே. சனிக்கிழமைதோறும் அம்மன் கோயில் வாசலில் நாடகம்.

நாடகத்தால் ஊரில் என்ன மாறியிருக்கிறது என்று வசந்தா கேட்டாள். கேட்டதுதான் தாமதம், முனியம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். சிங்காரத்தின் நாடகத்தைப் பார்த்த மறுநாளே தன் புருஷன் சாராயத்தை விட்டுவிட்டதாகச் சொன்னாள். அந்தப் புருஷன் பின்னால் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பணிவாகத் தலையாட்டினான். மூச்சு மட்டும் விடவில்லை.

அடுத்து இருசம்மாள். போன பொங்கலுக்குச் சிங்காரம் போட்ட நாடகத்தைப் பார்த்துத்தான் தானும் மாமியாரும் ராசியானதாகச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். மாமியார் செத்து நாலு வருஷமாகிறது. அதை யாரும் வசந்தாவிடம் சொல்லவில்லை.

சிங்காரத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னால் இவ்வளவு நடந்திருப்பது அவனுக்கே இப்போதுதான் தெரிகிறது.

வசந்தா ஒன்றும் ஏமாளி அல்ல. "நீங்க சொல்றத வெச்சு மட்டும் நான் முடிவு பண்ணல" என்றாள். "சொல்லாம கொள்ளாம பல சனிக்கிழமை நான் இங்க வந்திருக்கேன். எப்ப வந்தாலும் வாசல் நிறைய ஆளு. நடுவுல ஒருத்தர்கூட எழுந்து போகல. அதைவிட ஆச்சரியம், ஒவ்வொரு வாரமும் வேற வேற முகம். ஆரம்பாக்கத்துல அதே ஜனம்தான் திரும்பத் திரும்ப வருது."

அங்கமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாருக்கும் கெடைக்கணும் இல்லம்மா" என்றார்.

வசந்தா எழுந்தாள். உதவித்தொகை சிங்காரத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.

அப்போது குப்பம் பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். முனியம்மாள் சிங்காரத்தின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அவள் புருஷன் தன்னை மறந்து துண்டை எடுத்துவிட்டு விசில் அடித்தான். வசந்தா இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"ஒங்களயெல்லாம் வுட்டுட்டு ஒரு வருசம் மெட்ராஸ்ல நான் எப்டி இருப்பேன்?" என்று சிங்காரம் அங்கமுத்துவின் தோளில் சாய்ந்து அழுதான். பக்கத்து ஊரான தோணிரேவு ஆரோக்கியமேரி உதவித்தொகை வாங்கிக்கொண்டு மெட்ராஸ் ஹாஸ்டலில் தங்கி நர்சுக்குப் படித்தாள். அதிலிருந்து, உதவித்தொகை என்றாலே ஊரைவிட்டுப் போவது என்றுதான் குப்பத்தில் எல்லோருக்கும் எண்ணம்.

"எங்கள பத்தி நெனைக்காத நைனா. நாங்க மனச கல்லாக்கிக்கிறோம்" என்று அங்கமுத்து தேற்றினார்.

ஊர்க்காசில் வாங்கிய புது டிரங்குப் பெட்டி அதற்குள் கொட்டகைக்கு வந்துவிட்டது. அவனுடைய வேட்டி சட்டையெல்லாம் உள்ளே மடித்து வைத்திருந்தது. மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று இருசம்மாள் அவசரப்படுத்தினாள்.

வசந்தா பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். "அவர் எங்கேயும் போக வேண்டியதில்லைங்க. இதே ஊர்ல இருந்துகிட்டு நாடகம் போடறதுக்குத்தான் இந்தப் பணமே. பாவம், பொழப்பையும் பார்த்துக்கிட்டு வாரத்துக்கு ஒண்ணுதான் போட முடிஞ்சுது. இனிமே தினமும் போடலாம். மைக் செட்டும் நாங்களே வாங்கித் தர்றோம்."

சிங்காரம் அவள் காலில் விழப்போனான். முனியம்மாள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் சத்தமில்லாமல் சாராயக்கடைப் பக்கம் நடையைக் கட்டினான்.

அங்கமுத்து மற்றவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஏரியில வூட்டுக்கு வூடு மொற வெச்சு வல போடறாப்பல, இவன் நாடகத்த பாக்கறதுக்கும் மொற வெச்சு இத்தினி நாளு ஓட்டிட்டோம். இனிமே தெனமும்னா மொற சுருக்கா வந்துடும், ஒருத்தரும் டிமிக்கி குடுக்கக் கூடாது. பாக்க ஆளு இல்லன்னா, மொத வருசம் மாதிரி வூடு வூடா பூந்து நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சுடுவான்."