பரீட்சைக்கு ஓர் உடம்பு

“கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுண்ணா. உள்ளங்கை மேலே பார்க்கணும்.”

“இப்பதானே டார்ச் அடிச்சுக் கண்ணைக் கூச வச்சே. இது வேறயா?”

“நாளைக்கு ப்ராக்டிகல். நரம்பு மண்டலம்தான் வரும்னு சொல்றாங்க. கொஞ்சம் நீட்டேன்.”

பெயின்டர் அண்ணன் முனகிக்கொண்டே கைகளை நீட்டினான். நர்ஸிங் படிக்கும் தங்கை மனசுக்குள் பத்து வரை எண்ணினாள். வலது கை அப்படியே நின்றது. இடது கை மெல்ல உள்பக்கமாகத் திரும்பி, கீழே இறங்கியது. அது இறங்கியிருக்கக் கூடாது. அவள் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன். அதுகூடத் தெரியலையா? இந்த லட்சணத்துல நீ எங்க பாஸ் பண்ணப் போறே?”

“காலைக் கொடு.”

சாவி நுனியால் அவன் இடது உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து விரல் பக்கமாகக் கீறினாள். பெருவிரல் கீழே மடங்க வேண்டும். அது மேலே தூக்கியது. இன்னொரு முறை கீறிப் பார்த்தாள். அப்போதும் அப்படியே.

“என்ன, நோயாளி தேறுவானா?”

“தேறுவான், தேறுவான். நாளைக்கு ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஒன்பது மணிக்கு, காலேஜ் ஆஸ்பத்திரிக்கு. நீ வர்றியா?”

ஆஸ்பத்திரி என்றாலே பத்தடி தள்ளி நிற்கிறவன் அவன். என்ன சாக்குச் சொல்லப்போகிறானோ என்று பார்த்தாள்.

“உனக்காக வந்து தொலையறேன்” என்றான்.

மறுநாள் டாக்டர் அதே சோதனைகளைச் செய்தார். பிறகு ஸ்கேன் அறைக்கு அனுப்பினார்.

“இதுவும் பரீட்சையில உண்டா?” என்று கேட்டான். தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். “சமீபத்துல தலையில அடிபட்டுச்சா?”

“மூணு வாரம் முன்னால ஏணியிலேருந்து விழுந்தேன் சார். லேசான அடிதான்.”

“அந்த லேசான அடியிலதான் மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு மூளையை அழுத்துது. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்.”

டாக்டர் நகர்ந்ததும் தங்கை உடைந்துபோனாள்.

“மன்னிச்சிடுண்ணா. இன்னிக்குப் பரீட்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதெல்லாம் போன மாசமே முடிஞ்சிடுச்சு. சட்டைப் பித்தான் போட முடியாம நீ திணறினதைப் பார்த்தேன். கூப்பிட்டா வரமாட்டியேன்னுதான் பொய் சொன்னேன்.”

அண்ணன் அவள் தலையில் கை வைத்தான்.

“தெரியும். உன் பரீட்சைத் தேதியெல்லாம் காலேஜ்லேருந்து என் போனுக்குத்தானே மெசேஜ் வருது? ஒரு வாரமா இந்தக் கையில பெயின்ட் டப்பா நிக்கல, அதை உன்கிட்ட சொல்லத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு.”