ஏழு முதுகுகள்

"படத்தைத் தொடாதீங்கம்மா!"

கண்காட்சிப் பொறுப்பாளர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். தையல்காரி விரலை எடுக்கவில்லை.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் வரைந்த படங்கள் அவை. சாக்கிலும் பெட்டிப் பலகையிலும் வரையப்பட்டு, பரணில் கிடந்து, இப்போதுதான் முதல்முறையாகச் சுவருக்கு வந்திருந்தன. அவள் விரல் நின்ற படத்தில், சுரங்கத்துக்குள் இறங்கும் இரும்புக் கூண்டில் ஏழு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே ஒரு சீட்டு: 'விபத்தன்று இறங்கிய கடைசிக் கூண்டு. வரைந்தவர்: தெரியவில்லை.'

"மூணாவது ஆள் எங்க அப்பா" என்றாள்.

பொறுப்பாளர் விபத்தன்று இறங்கியவர்களின் பட்டியலைப் புரட்டினார். "அவர் நம்பர் என்னம்மா?"

"நாப்பத்தேழு."

"இதுல இல்லையே. செத்த ஏழு பேரோட நம்பரும் நினைவுத் தூண்ல இருக்கு. அதுலயும் நாப்பத்தேழு கிடையாது."

அது அவளுக்குத் தெரியாதா என்ன! இறங்குகிறவர்கள் தங்கள் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். விபத்தன்று உள்ளே வெள்ளம் புகுந்து, உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. வாங்க ஆளில்லாமல் கிடந்த ஏழு வில்லைகளை வைத்துத்தான் செத்தவர்கள் யார் என்று முடிவு செய்தார்கள். அப்பாவுக்கு அன்று விடுமுறை. 'இதோ வந்துடறேன்' என்று கிளம்பியவர் வரவே இல்லை. அவருடைய வில்லை வீட்டு ஆணியிலேயே தொங்கியது. எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊர் கைகழுவிவிட்டது. முப்பத்திரண்டு வருஷமாக அவள் ஓடிப்போனவன் மகள்.

"சட்டைத் தோள்ல பாருங்க, பச்சைப் பூப்போட்ட ஒட்டு. என் பழைய கவுன் துணி. விபத்துக்கு முந்தின நாள்தான் அம்மா தைச்சாங்க. 'குழிக்குள்ள பூ பூத்தா யாரு பார்க்கப் போறா'ன்னு அப்பா கேலி பண்ணினாரு."

பொறுப்பாளர் கொஞ்சம் இளகித்தான் போனார். "வரைஞ்சவர் வந்து சொன்னாத்தாம்மா சாட்சி. இதை யாரோ பார்சல்ல அனுப்பினாங்க, பேர்கூடப் போடலை. அவர் வரலேன்னா கற்பனைன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க."

அவர் நகர்ந்ததும் தையல்காரி எதிரே இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அம்மா இருக்காங்களா?"

"படுத்த படுக்கையா இருக்காங்கய்யா. 'அவர் ஓடலைடி'ன்னு இன்னும் சொல்றாங்க. நான்தான் நம்பலை. அப்பா பேச்சை எடுத்தாலே எரிஞ்சு விழுவேன். அவங்க கண்ணை மூடறதுக்குள்ள, நீ சொன்னதுதாம்மா நிஜம்னு சொல்லிடணும். ஆனா யாரு ஒத்துக்குவா? அப்பாவோட கூட்டாளி, அம்பத்திரண்டாம் நம்பர்காரர், அவர் நம்பர் தூண்ல முதல் வரி. வருஷா வருஷம் பூ வைக்கிறாங்க. அவர் பிள்ளைங்க தலை நிமிர்ந்து நடந்தாங்க. நாங்க சந்து சந்தா ஒளிஞ்சு போனோம்."

"அந்த அம்பத்திரண்டாம் நம்பர்காரனுக்கு அன்னைக்கு நல்ல காய்ச்சல்" என்றார் பெரியவர் மெதுவாக. "இன்னொரு நாள் வரலேன்னா வேலை போயிடும். உங்க அப்பா வந்து, 'நீ படுடா, உன் வில்லையைக் கொடு, நான் இறங்கறேன்'னாரு. வாசல்ல முகத்தை யாரு பார்க்கறா? நம்பரைத்தானே பார்ப்பாங்க. மனசு கேக்காம அவனும் கூண்டு வரைக்கும் பின்னாடியே போனான்."

அவள் நிமிர்ந்தாள். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்து, தட்டுத்தடுமாறிப் படத்தருகே போனார்.

"ஓடிப்போனது உங்க அப்பா இல்லம்மா" என்றவர், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டிலிருந்த 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு எழுதினார்: 'ஐம்பத்திரண்டாம் நம்பர்.'