துபாய் சம்பளம்

வருமானக் கணக்கெடுப்புக்கு வந்த பெண் கதவைத் தட்டினாள். ஷீஜா கதவைப் பாதி திறந்து, வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“வீட்டுல எத்தன பேருக்கா?”

“நானும் நாத்தனார் அபிதாவும். எங்க வீட்டுக்காரங்க துபாய்ல.”

“அண்ணனுக்கு என்ன சம்பளம்?”

மதிலுக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஞானபாய், பிழிந்த சேலையைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள். அடுத்த மாதம் அபிதாவுக்குக் கல்யாணம். அண்ணன் துபாயில் சம்பாதிக்கிறான் என்பதற்காகவே மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்த கல்யாணம்.

“ஒண்ணரை லட்சம்” என்றாள் ஷீஜா, மதிலைத் தாண்டிக் கேட்கும்படி.

“உங்களுக்கு வருமானம் உண்டா?”

“எனக்கு என்ன வருமானம் மக்கா? வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

“கொடுத்து வச்சவங்க. இந்தத் தெருவுல நீங்கதான் பெரிய பணக்காரி” என்று சிரித்தபடி அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஷீஜா கதவைத் தாழிட்டுவிட்டு, ஜன்னல் சாத்திய உள்ளறைக்குப் போனாள். வேலை போய், நான்கு மாதத்துக்கு முன்பு யாருக்கும் தெரியாமல் ஊர் திரும்பிய கணவன் அனீஷ், கூலிக்குப் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவளும் எதிரே உட்கார்ந்து நாரை எடுத்தாள்.

“எவ்வளவுட்டி சொன்ன?”

“ஒண்ணரை லட்சம்.”

“போன மாசம் ஞானபாய் அக்காட்ட ஒரு லட்சம்னுதானே சொன்ன?”

“இன்கிரிமென்ட் கிடச்சிருக்கு. மெள்ளப் பேசுங்க. துபாய்ல பேசுகது பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்படாது.”