சலங்கைக்கு வைத்த பூ

சுகந்தி வீட்டுப் பூஜை அலமாரியில் சலங்கை பொருமியது. "வெள்ளிக்கிழமை தவறாம எனக்குப் பொட்டு, பூ! காலில் கட்டி எத்தனை வருஷமாச்சு?"

"எனக்கு ஈரப் புடவை," என்றது மூலையில் நின்ற டிரெட்மில்.

"உன்னை அவளுக்குப் பிடிக்கலை, சரி. ஆட்டம்னா உயிராச்சே! 'இதயம் பலவீனமா இருக்கு, தெரிஞ்ச பரதத்தையே தினமும் கொஞ்சம் ஆடுங்க'ன்னு டாக்டர் சொல்லியும் சோபாவை விட்டு எழுந்தாளா?"

ஆத்திரத்தில் சலங்கை தரையில் குதித்தது.

சத்தம் கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்த சுகந்தி, பதறிப்போய் அதை எடுத்தாள். கண்ணில் ஒற்றினாள். கட்டப்போகிறாள் என்று சலங்கை சிலிர்த்தது. அவளோ அதைத் திரும்ப அலமாரியில் வைத்து, தெய்வக் குற்றமாகிவிடக்கூடாதென்று இன்னும் கொஞ்சம் மல்லிகை சாத்தினாள்.

"மிச்சப் பூவை எடுத்து வைடீ," என்று கத்தியது சலங்கை. "உன் படத்துக்கு வேணும்!"