ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள்

2017 ஆகஸ்ட் 29, செங்டு நகரம். அக்குபங்சர் மருத்துவர் லூ பெய்வென்னின் அறைக்கு வெளியே காலை எட்டு மணிக்கே ஒன்பது நிறைமாதக் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் பிறக்கும் குழந்தை ஆறு வயதில் பள்ளிக்குப் போகும். மறுநாள் பிறந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

நான்காவதாக வந்தவள் ஷென் யிங். முப்பத்தொன்பது வாரம் முடிந்திருந்தது. பேசியது அவள் மாமியார் தாங் குய்லான்.

"இன்னும் மூணே நாள்தான் டாக்டர். உள்ள இருக்கறது என் பிள்ளை மாதிரியே சோம்பேறி. ரெண்டு குத்து குத்தி எழுப்பி விடுங்க."

லூவுக்கு இருபத்தாறு வருட அனுபவம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு புள்ளி. உள்கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே இன்னொன்று. மாதம் நிறையும்வரை கர்ப்பிணிகளுக்கு அந்த இடங்களை அவள் தொடவே மாட்டாள். நிறைந்தபின் வலியைத் தூண்ட அங்கேதான் ஊசி போடுவாள். சிலருக்கு வலி வரும், சிலருக்கு வராது.

இரண்டு இடங்களையும் பஞ்சால் துடைத்தாள்.

குய்லான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். யிங் சட்டென்று மருத்துவரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணாம் தேதி காலையிலதான் அவர் ரயிலிறங்குவார் டாக்டர். மூத்தவ பிறந்தப்பவும் அவர் பக்கத்துல இல்ல, தண்டவாளம் போடப் போயிருந்தார். அத்தைக்குப் பள்ளிக்கூடம்தான் பெரிசு. எனக்கு வலி வரவேண்டாம்."

வாசலில் செருப்புச் சத்தம். யிங் கையை விட்டாள். லூ துடைத்த இடங்களை விட்டுவிட்டுத் தலைமாட்டுக்கு வந்தாள்.

முதல் ஊசியைப் புருவங்களுக்கு நடுவே செருகினாள். அடுத்த இரண்டையும் மணிக்கட்டுகளின் உட்புறம்.

"குழந்தை கீழ இருக்கு, நீங்க மேல குத்தறீங்களே?" என்றாள் குய்லான்.

"மேல தாழ்ப்பாளை எடுத்தாத்தான் அக்கா, கீழ கதவு திறக்கும்."

குய்லான் திருப்தியாகத் தலையாட்டினாள். யிங் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

அவை தூக்கத்துக்கான புள்ளிகள். பிரசவ வலிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்பதில் லூவுக்குச் சந்தேகமே இல்லை. பத்து நிமிடத்தில் யிங் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

ஆகஸ்ட் 31, பிற்பகல் இரண்டு நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். வலி எடுத்து ஐந்தே மணி நேரம். தகப்பன் அப்போது ரயிலில் இருந்தான்.

குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்த அன்று, வழக்கப்படி குய்லான் ஒரு கூடை சிவப்புச் சாயமிட்ட முட்டைகளும், தங்க எழுத்தில் நன்றி பொறித்த சிவப்பு வெல்வெட் பதாகையும் கொண்டுவந்தாள். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "சொன்ன தேதிக்குள்ள எடுத்துக் கொடுத்த கை இது!" என்றாள்.

"மருமக எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. உங்க பேரை எடுத்தா மட்டும் எழுந்து உள்ள போயிடறா. பட்ட வலி அப்படி!"

லூ பதாகையை வாங்கிக்கொண்டாள். அது அறையின் கிழக்குச் சுவரில் மாட்டப்பட்டது. யிங் மறுபடி அங்கே வரவில்லை.