வலிக்காத பரிசோதனை

"ஊசி இல்ல, ரத்தம் எடுக்கறது இல்ல. வேற என்னங்க வேணும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"மருந்து வேணும் சிஸ்டர்" என்றான் பெயிண்டர்.

மடியில் நாலு வயது மகள். எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய். சொறியக்கூடாது என்று இரண்டு கைகளிலும் சாக்ஸ் மாட்டியிருந்தான். சாக்ஸையும் மீறி முழங்கை மடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது.

வாரம் ஒருமுறை வீட்டிலேயே குழந்தையின் தோலில் டேப்பை ஒட்டி, பத்து எண்ணி, உரித்து, குப்பியில் போட்டு அனுப்ப வேண்டும். டேப்போடு வரும் தோல் துகளை வைத்தே உள்ளே எவ்வளவு அழற்சி என்று லேபில் சொல்லிவிடுவார்கள். அளவு அதிகமுள்ள பத்துப் பிள்ளைகளுக்குப் புது மருந்து.

"எட்டு வாரமும் உங்க பொண்ணுக்கு நார்மல். புண்ணே இல்லாத பிள்ளைக்குக்கூட இவ்வளவு நல்லா வராது. டேப் உரிக்கும்போது அழுவாளா?"

"ஒரு தடவைகூட அழுததில்ல."

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே."

"கண்ணால பாருங்க சிஸ்டர். தலையணை உறையெல்லாம் ரத்தம்."

"கண்ணு ஆளுக்கு ஆள் மாறுங்க. டேப் பொய் சொல்லாது. பெரிய டாக்டருக்கு நம்பர் போதும்."

"இங்கயே இன்னொரு தடவை எடுங்க. நான் இவளைப் பிடிச்சுக்கறேன்."

"லிஸ்ட் நேத்தே மூடியாச்சு. ஆமா, டேப் ஒட்டும்போது நீங்க கையுறை போடுங்கன்னு சொன்னேன்ல? டேப்ல முடி முடியா ஒட்டியிருக்காம். வீட்டுல கரடி வளக்கறாரான்னு லேப்ல கேக்கறாங்க."

அவன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அடுத்த லிஸ்ட் எப்ப?"

"வந்தா போன் பண்றோம்." போன் வராது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. "மனசு விட்டுடாதீங்க. ஒரு வாரம்கூட தவறாம அனுப்பினது நீங்க ஒருத்தர்தான்."

தங்கக் கரை போட்ட ஒரு சான்றிதழை நீட்டினாள். 'சிறந்த ஒத்துழைப்பு' என்று அச்சடித்திருந்தது.

பஸ் நிறுத்தத்தில் மகள் அதைச் சாக்ஸ் கையால் தடவிப் பார்த்தாள்.

"இது எதுக்குப்பா?"

அவன் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் கழுத்தை அவன் தோளில் தேய்த்துக்கொண்டே, அவனது சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளினாள். முன்கையில் முடி பிடுங்கிய சதுரங்கள், வரிசையாக.

"நான்தான் அழவே மாட்டேன்னு சொன்னேனேப்பா. அடுத்த வாரமும் எனக்குப் பதிலா உன் கையிலதான் ஒட்டிப்பியா?"