கடிக்கிற எட்டு, கழல்கிற ஒன்பது

ஸ்டோர் கீப்பருக்குத் தலை சுற்றியது. பாதுகாப்பு ஷூவில் திங்களன்று எட்டாம் நம்பர் கச்சிதம் என்றார், எப்போதும் பெயின்ட் முகமூடியோடே வரும் பெயின்டர். நேற்று அது கடிக்கிறது என்று கொடுத்துவிட்டு ஒன்பது வாங்கிப் போனார். இன்று ஒன்பது கழன்று வருகிறதாம்.

“உங்க கால் என்ன ரப்பரா? சாக்ஸைக் கழட்டுங்க.”

கழற்றினார். கட்டைவிரலில் நகம் முழுசாக இருந்தது. நேற்று அளவெடுத்தபோது அந்த விரலில் நகமே இல்லை.

“யாருய்யா நீ? முகமூடியை எடு.”

பெயின்டர் எடுக்கவில்லை. “நானும் தம்பியும் மாத்தி மாத்தி வர்றோம் சார். வேலை ஒருத்தருக்குத்தான் கிடைச்சுது. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேர் பொழப்பும் போயிடும்.”

“தம்பி நகம் எங்க போச்சு?”

“பழைய ஷூ என் அளவு, எட்டு. ரெண்டு வருஷம் அதுலதான் சார் ஓட்டினான்.”

ஸ்டோர் கீப்பர் ஒன்பதைத் திரும்ப வாங்கவில்லை. எட்டில் ஒரு ஜோடியை எடுத்து அதன்மேல் வைத்தார்.